மலை ரோட்டுக்குப் போலீஸ் ரோந்து வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் போலீஸ் ஆயுதப்படை மோட்டார் வாகனப் பிரிவில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய ஜீப்பில் ஆரம்பித்து சுமோ, பொலிரோ என்று கொடுத்த வண்டியை எல்லாம் பர்லியாறு, கல்லட்டி, குஞ்சப்பனை, கெத்தை ரோடுகளில் ராத்திரியும் பகலும் ஓட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. வேலைக்குப் புதிதாக வந்த தம்பிகள் கேட்கிறார்கள், ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள், "ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி வாங்கித் தரலாம் என்று இருக்கிறோம், எது நல்லது?" என்று எஸ்டேட்காரர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். வண்டியை முடிவு செய்கிற மேசை பெரும்பாலும் சமவெளியில் இருக்கிறது. மார்கழி மாதம் ராத்திரி 2 மணிக்கு அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் மேலே இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மலைக்கு வண்டி வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அது எப்படி இறங்குகிறது என்பதை. வண்டி பார்க்க வருகிற பாதிப் பேர் "ஏறுமா?" என்றுதான் கேட்கிறார்கள். ஏறாத வண்டி வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கத் தெரியாத வண்டி ஆளைக் கொல்லும்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். ஆறு பேரும் சாமானும் ஏறிய ரோந்து வண்டி 2 டன் எடை என்று வைத்துக்கொண்டால், அந்த 1,500 மீட்டர் சொச்ச இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் வீட்டு மின்சார மீட்டர் கணக்கில் 8 யூனிட்டுக்கு மேல். ஒரு மணி நேரத்தில் இறங்கினால், எட்டு அயர்ன்பாக்ஸ் ஒரு மணி நேரம் அணையாமல் சூடாகிக்கொண்டிருப்பதற்குச் சமம். கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் டயரில் போகும். மிச்சத்தை என்ஜின் இழுத்துப் பிடிக்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். எந்த அளவுக்கு என்ஜின் பிடிக்கிறதோ அந்த அளவுக்குப் பிரேக் பிழைக்கும். "இரண்டாவது கியரில் இறங்கவும்" என்று ரோடு ஓரமெல்லாம் போர்டு வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆகவே வண்டியைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை இவை. முன் டிஸ்க் பிரேக் காற்று உள்ளே புகுந்து வெளியே போகிற இரட்டைத் தட்டு வகையா? பின்னால் இருப்பது டிரம் என்றால் அது எவ்வளவு பெரியது? இரண்டாவது கியரில் காலை எடுத்தால் வண்டி 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் தானாக அடங்கி வருகிறதா, இல்லை வேகம் ஏறிக்கொண்டே போகிறதா? விளம்பரப் புத்தகத்தில் இதற்கெல்லாம் பதில் கிடைக்காது. ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ராத்திரி, குன்னூரிலிருந்து ஒரு கைதியையும் மூன்று காவலர்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். பர்லியாற்றுக்கு இரண்டு வளைவு மேலே பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, மலைப்பக்கம் மண் திட்டில் ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றித்தான் நிறுத்தினேன். ஒருவருக்கும் அடி இல்லை. காரணம் பார்த்தால் பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருடம் ஆனது என்று எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறியபின் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், பிரேக்கைத் தள்ளாது. மழையும் பனியும் ஓயாத ஊரில் ஈரம் சீக்கிரம் ஏறும். அதனால் நீலகிரி வண்டிகளுக்கு டாட் 4, வருடத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வண்டி விலையோடு பார்த்தால் இது ஒரு செலவே இல்லை.

அண்ணா, நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சமாகும் என்கிறார்களே?

ஆகாது தம்பி. இப்போதைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் செலவு.

என்ஜினை அணைத்துவிட்டு இறக்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. பிரேக்குக்கு உதவி செய்கிற பூஸ்டர் இரண்டு மூன்று மிதியோடு காலியாகிவிடும், ஸ்டியரிங் கல்லாக இறுகும். அந்தப் பழக்கத்தோடு யாராவது வந்தால் முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள்.

எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

எண்ணைவிட என்ஜின் மூச்சு விடும் முறை முக்கியம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத என்ஜின் உயரம் 100 மீட்டர் கூடினால் ஏறக்குறைய ஒரு சதவீதம் சக்தி இழக்கும். சென்னையில் 100 குதிரைத்திறன் காட்டுகிற சாதாரண பெட்ரோல் என்ஜின் ஊட்டியில் 78 அளவுக்கு இறங்கிவிடும், தொட்டபெட்டாவில் இன்னும் குறையும். டர்போ உள்ளது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடும். குறைந்த சுற்றிலேயே இழுவை தருகிற டர்போ என்ஜின் இருந்தால் 75 குதிரைத்திறனே ரோந்துக்குப் போதும். மலை ரோட்டில் யாரையும் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. கீழே உள்ள சோதனைச்சாவடிக்கு வயர்லெஸ் மைக்கில் சொன்னால் வேலை முடிந்தது.

இன்னொரு விஷயம், பிரேக் பூஸ்டரும் காற்றழுத்தத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. காற்று இளைத்த இடத்தில் அதன் உதவியும் இளைக்கும். மேலே வந்ததும் "பெடல் கொஞ்சம் கனமாக இருக்கு" என்று சமவெளி ஓட்டுநர்கள் சொல்வது பிரமை இல்லை.

எல்லா ஸ்டேஷனுக்கும் ஃபோர் வீல் டிரைவ் கொடுக்கலாமே?

வேண்டாம். கொடுக்க வேண்டிய இடம் ஒன்று, கொடுத்தால் வீணாகிற இடம் ஒன்று.

ஊட்டி டவுன், குன்னூர் டவுன், கோத்தகிரி டவுன் ஆகியவற்றில் தார் ரோடு, நெரிசல், நிறுத்த இடமில்லாத தெருக்கள். இங்கே நான்கு சக்கர இழுவை வெறும் கூடுதல் எடை. குட்டையான, நன்றாகத் திரும்புகிற சாதாரண வண்டி போதும்.

குந்தா தாலுகா வேறு உலகம். எமரால்டு, மஞ்சூர் ஸ்டேஷன் எல்லையில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் ரோடு எது, ஓடை எது என்று தெரியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. சென்னை மாதிரியான ஊருக்கு அது பல மாத மழை. அந்த நாட்களில் மண்ணும் மரமும் விழுந்த ரோட்டில் ஊர் ஊராகப் போய் ஆட்களை இறக்கியது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகள்தான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் நிலச்சரிவு வந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதும் இதே கதை. அது வடகிழக்குப் பருவமழை. ஆக, மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஆடியிலும், கிழக்குப் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும் ஆபத்து. வண்டி கையிருப்பையும் அந்தக் கணக்கில் இடம் மாற்ற முடியும். ஜூனில் குந்தா பக்கம் நிறுத்திய கூடுதல் ஃபோர் வீல் வண்டியை அக்டோபரில் குன்னூர், சோலூர்மட்டம் பக்கம் அனுப்பலாம். இதற்குப் புது வண்டி வாங்க வேண்டியதே இல்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் மூன்றாவது வகை. தேவாலா, சேரம்பாடி, எருமாடு, அம்பலமூலா, நியூஹோப் என்று ஸ்டேஷன்கள். உயரம் குறைவு, வெயிலும் சேறும் அதிகம், கேரள எல்லையை ஒட்டிய எஸ்டேட் ரோடுகள், ராத்திரியில் யானை. இங்கே தரையிலிருந்து உயரமாக நிற்கிற, சேற்றில் சிக்கினால் வெளியே வரக்கூடிய வண்டி அவசியம். ஸ்டேஷனுக்கு ஒன்றாவது ஃபோர் வீல் இருந்தே ஆக வேண்டும் என்பேன்.

ஒன்றை மறக்கக் கூடாது: நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதால் நான்கு சக்கரமும் கூடுதலாக நிற்கும் என்று அர்த்தமில்லை. பிரேக் போட்டால் எல்லா வண்டியும் ஒன்றுதான். புது ஆட்கள் ஃபோர் வீல் இருக்கிற தைரியத்தில் ஈர ரோட்டில் வேகமாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். லீவர் போட்டு இணைக்கிற வகையில் காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவு திரும்பினால் வண்டி மக்கர் பண்ணும், கியர் பெட்டிக்கும் கேடு.

பொலிரோவே போதாதா?

பாதி வேலைக்குப் போதும். 4 மீட்டருக்குள் நீளம், தனிச் சேஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், 1.5 லிட்டர் டர்போ டீசல். எந்த ஊரிலும் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் கிடைப்பார், உதிரிபாகம் மேட்டுப்பாளையத்திலேயே கிடைக்கும். ரோட்டுக் குழியில் விழுந்தால் உடையாது. நான் அதிகம் நம்பியது இந்த வண்டியைத்தான்.

குறையும் சொல்ல வேண்டும். பின்னிரு சக்கர இழுவை. பின்னால் ஆள் இல்லாமல் ஈர ஏற்றத்தில் போனால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. பட்டை ஸ்பிரிங் வண்டி வளைவில் குழி வந்தால் பின்பக்கம் துள்ளி விலகும். கடைசி வரிசையில் எதிரெதிரே உட்காரும் பக்கவாட்டு இருக்கையில் ஆள் வைத்துப் போவதை நான் என்றுமே விரும்பியதில்லை. மோதினால் அவர்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அந்த இடம் கயிறு, போக்குவரத்துக் கூம்பு, ஸ்ட்ரெச்சருக்கு.

மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்கா இவற்றில் எது?

மூன்றும் மூன்று விதம்.

ஜிம்னி 2023-ல் வந்தது. சுமார் 1,200 கிலோதான் எடை, குறுகலான உடம்பு, குறைந்த விகித கியரோடு ஃபோர் வீல். எஸ்டேட் சந்துகளுக்கும் ஹட்டி என்கிற படுகர் ஊர்களுக்குள் போகும் ஒற்றை ரோட்டுக்கும் இதைவிடப் பொருத்தமானது நான் பார்க்கவில்லை. எடை குறைவு என்பதால் இறங்கும்போது பிரேக்குக்குச் சுமையும் குறைவு. பழைய ஜிப்ஸியில் ஓட்டியவர்களுக்கு இது புரியும். ஆனால் நான்கு பேருக்குத்தான் இடம், பின்னால் சாமான் வைக்க இடமில்லை, டர்போ இல்லாத பெட்ரோல். இரண்டு காவலர் ரோந்துக்கு அருமை. கைது செய்து கூட்டிவர முடியாது.

மூன்று கதவு தாரில் பின்னால் ஏறி இறங்குவது சிரமம். லத்தியும் துப்பாக்கியும் பெல்ட்டுமாக இருப்பவர் முன் சீட்டை மடக்கித்தான் வெளியே வர வேண்டும். ரோந்து வண்டியில் அந்த ஐந்து விநாடி பெரிது. ஐந்து கதவு வகைக்கு இந்தக் குறை இல்லை.

கூர்கா கனமான முரட்டு வண்டி; முன்னும் பின்னும் டிஃபரன்ஷியலை லாக் செய்து இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கலாம், 2.6 லிட்டர் டீசல். கேரள போலீஸ் மலை ஸ்டேஷன்களுக்கு இதை வாங்கியிருக்கிறார்கள். குந்தாவுக்கும் கூடலூருக்கும் மழைக்கால மீட்பு வண்டியாக மாவட்டத்துக்கு இரண்டு மூன்று இருந்தால் நல்லது. தினசரி ரோந்துக்குக் கொடுத்தால் ஓட்டுநர் களைத்துவிடுவார்.

இன்னோவா?

மேட்டுப்பாளையம் சாலைக்கும் கூடலூர் நெடுஞ்சாலைக்கும் சரி. நீளம் 4.7 மீட்டர் என்பதை ஊருக்குள் திருப்பும்போது உணர்வீர்கள்.

டீசலா, பெட்ரோலா?

முன்பெல்லாம் யோசிக்காமல் டீசல் என்பேன். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. புது டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கிற வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பியதும் உள்ளே சூடு ஏறித் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குக் கொஞ்ச நேரம் தொடர்ந்து, நல்ல சுற்றில் வண்டி ஓட வேண்டும். ரோந்து வண்டியோ ஊட்டி சேரிங்கிராஸில் மூன்று மணி நேரம் என்ஜின் ஓடியபடி நிற்கும், பிறகு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து இன்னொரு இடத்தில் போய் நிற்கும். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், சக்தி குறைந்து வண்டி நொண்டும்.

எனவே டவுனுக்குள் மட்டும் சுற்றுகிற வண்டி பெட்ரோலாக இருக்கட்டும். தினமும் மேட்டுப்பாளையம் வரை, கூடலூர் வரை போய் வருகிற வண்டி டீசலாக இருக்கலாம். டீசல் வண்டி டவுனில் மாட்டிக்கொண்டால் வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம் கொடுங்கள். ஏற்றத்தில் போவதே நல்லது, சூடு சீக்கிரம் ஏறும்.

மின்சார வண்டி மலைக்கு ஒத்துவருமா?

பலர் நினைப்பதைவிட நன்றாக ஒத்துவரும். மோட்டாருக்கு மூச்சு வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் உள்ள சக்தி தொட்டபெட்டாவிலும் உண்டு. நின்றுகொண்டே இருந்தாலும் புகை இல்லை, அதிர்வு இல்லை. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக மாறி பேட்டரிக்குக் கரண்ட் திருப்பித் தரும். மேலே சொன்ன 8 யூனிட்டில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்க வழியுண்டு. பிரேக்கும் சூடாகாது.

ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதை ஓட்டுநருக்குச் சொல்லிக் கொடுக்காமல் வண்டியைக் கையில் கொடுக்கக் கூடாது. ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு உடனே இறங்கினால், திருப்பி வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடமில்லை. மோட்டார் பிரேக் பிடிப்பு வெகுவாகக் குறையும், கால் பிரேக் ஒன்றையே நம்ப வேண்டிவரும். மேலே உள்ள ஸ்டேஷனில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

புயல் மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாத ஊர்களுக்கு இது சரிப்படாது. ஊட்டி, குன்னூர் டவுன் ரோந்தை இன்றைக்கே மாற்றலாம்.

ஆட்டோமேட்டிக் கியர்?

இறக்கத்தில் கியரை நாமே பிடித்து நிறுத்தி வைக்க வழி இருந்தால் வாங்கலாம். தானே மேல் கியருக்குப் போய்விடுகிற வண்டி வேண்டாம். ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பும்போது பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி இருந்தால் கிளட்ச் பிளேட்டும் ஓட்டுநரின் முழங்காலும் தப்பிக்கும்.

இரு சக்கர ரோந்து மலையில் உதவுமா?

சீசனில் அது ஒன்றுதான் நகரும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வந்தது உங்களுக்குத் தெரியும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் அளவும் வைத்தது. அந்த அளவிலேயே ஊட்டி கமர்ஷியல் ரோடும் குன்னூர் பெட்போர்டும் திணறும். அங்கே ஜீப் ஐந்து நிமிடத்தில் போக முடியாத இடத்துக்கு பைக் ஒரு நிமிடத்தில் போகும்.

சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பிடிக்கிற ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம் இருக்கட்டும், 150 முதல் 200 சி.சி. போதும். பெரிய கனமான பைக் கௌரவத்துக்கு நன்றாக இருக்கும். யூகலிப்டஸ் இலை நனைந்து கிடக்கிற இறக்கத்தில் அதன் எடையே எதிரி. மழைக்கோட்டு, கையுறை, பூட்ஸ் இவற்றையும் வண்டியோடு சேர்த்தே வாங்குங்கள். ஜூலை ராத்திரியில் விரல் விறைத்துப்போனவருக்கு ஏ.பி.எஸ். இருந்தும் பிரேக் லீவரைப் பிடிக்க முடியாது. பனிமூட்டம் இறங்கிய பிறகு பைக் ரோந்தை நிறுத்திவிட வேண்டும்.

குளிர் ஊரில் ஏசி எதற்கு? செலவுதானே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏசி இங்கே குளிர்ச்சிக்கு இல்லை, கண்ணாடிக்கு. நனைந்த உடுப்போடு நான்கு பேர் உள்ளே உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாகிவிடும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். ஹீட்டரோடு சேர்த்துப் போட்டால் அரை நிமிடத்தில் தெளிவாகும். ஏசி இல்லாத ஜீப்பில் ஒரு கையில் துணியால் துடைத்துக்கொண்டு, ஒரு கையில் ஸ்டியரிங் பிடித்து, வெலிங்டன் பக்கம் பனிமூட்டத்தில் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். இன்றைக்கு யாரும் அப்படி ஓட்ட வேண்டியதில்லை. பின் கண்ணாடிக்கு வைப்பரும் சூடேற்றும் கம்பியும் கேளுங்கள்.

பனிமூட்டத்துக்கு என்ன விளக்கு?

தாழ்வாகப் பொருத்திய, அகலமாகப் பரவுகிற பனி விளக்கு. முன்னும் வேண்டும், பின்னும் வேண்டும். கூரை மேல் வரிசையாகப் பொருத்துகிற வெள்ளை விளக்குகள் மூட்டத்தில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். 2017 மே முதல் அவசர வண்டிகளுக்குச் சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த சுழல் விளக்குதான். மூட்டத்தில் அந்த வெளிச்சமும் ஓட்டுநரைச் சுற்றி மின்னல் வெட்டுவது மாதிரி சிதறும். வெளிச்சத்தைக் குறைக்கிற ஸ்விட்ச் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

காட்டு மாடு குறுக்கே வருகிறது, முன்னால் இரும்புக் கம்பி கார்டு போட்டால் என்ன?

போடாதீர்கள். 2017 கடைசியிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. கார்டு இருந்தால் மோதல் சரியாக உணரப்படாமல் ஏர்பேக் விரியாமல் போகலாம். நடந்து போகிறவர் மேல் பட்டால் உயிர் பிழைப்பது கஷ்டம். வளர்ந்த காட்டு மாட்டுக் கடா ஒரு டன் வரை இருக்கும், அதற்கு முன்னால் எந்தக் கம்பியும் நிற்காது. நல்ல விளக்கும் குறைந்த வேகமும்தான் பாதுகாப்பு.

யானைக்கும் இதையே சொல்வேன். மசினகுடி, நாடுகாணி, குஞ்சப்பனை பக்கம் யானை ரோட்டில் நின்றால் சைரனும் ஹாரனும் கூடாது, என்ஜினை அணைக்காமல் மெதுவாகப் பின்னால் எடுக்க வேண்டும். இதற்கு வண்டியில் என்ன வேண்டும் என்றால், பின் கேமராவும் பளிச்சென்ற ரிவர்ஸ் விளக்கும். இருட்டில் ஒரு பக்கம் பள்ளம் இருக்கிற ரோட்டில் 100 மீட்டர் பின்னால் போவது சாதாரண வேலை இல்லை.

கல்லட்டி ரோட்டுக்குத் தனி வண்டி தேவையா?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு அந்த வழியில் சுமார் 30 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு. கூடலூர் சுற்றிப் போனால் இரண்டு மடங்குக்கு மேல். வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்க அனுமதி இல்லை என்பதிலிருந்தே ரோட்டின் குணம் தெரியும். தனி வண்டி வேண்டாம், பிரேக் நல்ல நிலையில் உள்ள எடை குறைந்த வண்டி வேண்டும். அதைவிட முக்கியம், அந்த ரோட்டில் பழகிய ஓட்டுநர். மாற்றலாகி வந்தவரை முதல் வாரமே தனியாக அனுப்பாதீர்கள்.

டயரைப் பற்றிச் சொல்லுங்கள்.

பட்டன் (டயர் மேலுள்ள வரிப்பள்ளம்) தேய்ந்த டயரும், பழையதில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயரும் மலை போலீஸ் வண்டியில் இருக்கவே கூடாது. சட்டப்படி பட்டன் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். இங்கே 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுங்கள். பொடிக்கல்லும் சேறும் உள்ள எஸ்டேட் வண்டிக்கு எல்லா ரோட்டுக்கும் ஆன கலப்பு வகை டயர், டவுன் வண்டிக்கு சாதாரண ரோடு டயர். ஸ்டெப்னியும் அதே அளவில், அதே தரத்தில்.

பெண் காவலர்கள் ஓட்டவும் ரோந்து போகவும் வசதியான வண்டி என்று உண்டா?

எல்லாருக்கும் வசதியான வண்டி என்று கேளுங்கள், பதில் ஒன்றாகவே வரும். சீட் உயரம் ஏற்றி இறக்க முடிய வேண்டும். ஐந்தடி உயரம் உள்ளவருக்கும் பானெட் முனை தெரிய வேண்டும், வளைவில் அதுதான் கண்ணுக்கு அளவு. கிளட்ச் மிதிக்க இலகுவாக இருக்க வேண்டும். சேலையோ சீருடையோ, ஏறுவதற்குப் படி வேண்டும். நடு ராத்திரியில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஊட்டி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறேன். படியில்லாத உயரமான ஜீப்பில் அவரை ஏற்ற மூன்று பேர் தூக்க வேண்டியிருந்தது. ரோந்து வண்டி இங்கே ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய்ச் சேருகிற வண்டி என்பதை மறக்கக் கூடாது.

ஒரு வண்டியை எத்தனை வருடம் வைத்திருக்கலாம்?

2023 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அது கடைசி எல்லை. மலையில் அவ்வளவு காலம் வைத்திருக்கும்படி வண்டி இருக்காது.

கிலோமீட்டர் மீட்டரை நம்பி ஏமாறக் கூடாது. ஒரு மணி நேரம் நின்றபடி ஓடுவதை 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம் என்று அமெரிக்கப் போலீஸ் வண்டிகளுக்கு ஃபோர்டு நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. மீட்டர் 60,000 காட்டுகிற டவுன் ரோந்து வண்டியின் என்ஜின் உண்மையில் அதைப்போல இரண்டு பங்கு உழைத்திருக்கலாம். என்ஜின் ஓடிய மணி நேரத்தை லாக் புத்தகத்தில் தனியாக எழுதி, ஆயில் மாற்றுவதை அந்தக் கணக்கில் வையுங்கள்.

வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணப் போலீஸ் வருடா வருடம் ரோந்து வண்டிகளை ஓட்டிப் பார்த்து, பிரேக், வேகம், உட்காரும் வசதி, ரேடியோ பொருத்தும் வசதி என்று எல்லாவற்றையும் அளந்து வெளியிடுகிறார்கள். மலைக்கு அப்படி ஒன்று நாமே செய்யலாம், ஒரே நாள் போதும். ஐந்து ஆட்களும் 50 கிலோ சாமானும் ஏற்றுங்கள். விடியற்காலையில் தலைகுந்தாவில் உறைபனியில் நின்ற வண்டி முதல் செல்ஃபில் கிளம்புகிறதா பாருங்கள். தொட்டபெட்டாவுக்கு ஏற்றி, பாதி வழியில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். பிறகு கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறக்குங்கள். அடிவாரத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டு, மேலே காலையில் அளந்த தூரத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் அதிகம் என்றால் அந்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். திரும்பி வரும்போது எத்தனை வளைவை ஒரே திருப்பில் எடுத்தது என்று எண்ணுங்கள். ராத்திரி மைக்கைப் பொருத்தி, மழை கூரையில் அடிக்கும்போது கன்ட்ரோல் ரூம் சொல்வது கேட்கிறதா என்று கேளுங்கள்.

இந்தச் சோதனையில் ஸ்டியரிங் பிடிக்க வேண்டியது ஸ்டேஷன் ஓட்டுநர்கள். அவர்கள் எழுதித் தருகிற தாள் டெண்டர் ஃபைலில் முதல் பக்கமாக இருக்க வேண்டும். என் பணிக்காலம் முழுக்க ஒரு தடவைகூட என்னிடம் யாரும் அந்தத் தாளைக் கேட்கவில்லை.

வண்டியில் எப்போதும் என்ன இருக்க வேண்டும்?

மரம் அறுக்கும் மெஷினும் அதற்குப் பெட்ரோலும், கயிறு, இழுவை பெல்ட், மண்வெட்டி, கூம்புகள், பிரதிபலிக்கும் சட்டைகள், இரண்டு கம்பளி, முதலுதவிப் பெட்டி, பெரிய டார்ச், குடிநீர். மழைக்காலத்தில் மெஷின் இல்லாமல் கிளம்பாதீர்கள்; ஒரு சாய்ந்த சீகை மரம் ஒரு ராத்திரியை முழுங்கிவிடும். மைக், விளக்கு எல்லாம் இழுக்கும் கரண்டுக்கு இரண்டாவது பேட்டரி இருந்தால் குளிரில் வண்டி கிளம்பாத பிரச்சினை வராது.

வண்டியே போகாத ஊருக்கு?

கோத்தகிரி, குன்னூர் சரிவுகளில் இன்னும் நடந்தே போக வேண்டிய இருளர், குறும்பர் ஊர்கள் உண்டு. அங்கே ரோடு முடிகிற இடம் வரைதான் வண்டியின் வேலை. திரும்பிப் போகிற திசையைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். முன் சக்கரத்தை மலைப்பக்கம் ஒடித்து, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இரண்டு சக்கரத்துக்கும் உருளாமல் கட்டை கொடுங்கள். ஒருவர் மைக்கோடு வண்டியில் இருக்கட்டும். மற்றவர்கள் டார்ச் எடுத்துக்கொண்டு நடக்கலாம்.